இருபது மம்மட்டிக்கு ஆள் எடுத்த கதை

பதின்மூன்று வயதுப் பையனை நிறுத்தி வைத்து, பின்னாளில் என்னவாகப் போகிறாய் என்று கேட்பதைவிடப் புத்திகெட்ட காரியம் கல்வி இலாகாவில் இருக்க முடியாது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. அவன் சொல்லும் பதிலைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவனுக்கு ஒரு வழி காட்டிவிடுவது. எங்கள் விழுப்புரம் பள்ளியில் ஐம்பதுகளின் கடைசியில் இரண்டும் சிறப்பாக நடந்தன.

மூன்றாம் பாரம் முடித்து நான்காம் பாரம் போகிறவர்கள், அதாவது இன்றைக்கு எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகிறவர்கள், ஒரு தாளில் மூன்று விஷயங்கள் எழுதித் தர வேண்டும். இதுவரை சாதித்தது, பாடம் தவிர மற்ற ஈடுபாடு, வருங்கால உத்தேசம். நான் எழுதியது இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஈடுபாடு என்ற இடத்தில் 'சாரணர் தொண்டு' என்று எழுதினேன். திருவிழாக் கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஜங்ஷனுக்குப் போய், வெயில் தாங்காமல் பாதித் தண்ணீரை நானே குடித்துவிட்டு வந்ததுதான் அந்தத் தொண்டு. உத்தேசம் என்ற இடத்தில் 'என்ஜினீயர்'. அது அப்பா சொல்லி எழுதியது. அவர் ஜங்ஷனில் டிக்கட் கொடுக்கும் கிளார்க். தினமும் இத்தனை என்ஜினைப் பார்க்கிறவன் பிள்ளை என்ஜினீயர் ஆகாமல் வேறு யார் ஆவது என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் பிளாட்பாரத்தில் படுத்திருந்த நாய்களும் என்ஜினீயர் ஆகியிருக்க வேண்டும்.

சாதனை என்ற இடத்தில் மட்டும் பெருமையாக எழுதினேன்: திண்டிவனத்தில் பள்ளிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. அந்தச் சாதனையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதனால் இன்னொருத்தன் படிப்பே நின்றுபோக இருந்தது.

முதலில் அந்தப் பேச்சு எப்படித் தயாரானது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழய்யாவிடம் காக்கி அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. அதில் ஒரே ஒரு பேச்சுதான் உண்டு. வருஷா வருஷம் பள்ளியில் யாருக்குத் தொண்டை பெரிதோ அவனிடம் அந்த நோட்டு போகும். போட்டித் தலைப்பு மாறும், பேச்சு மாறாது. தலைப்பு வருகிற இடங்களில் மட்டும் கோடு போட்டு வெற்றிடம் விட்டிருப்பார். ஒரு வருஷம் 'சுகாதாரம்', ஒரு வருஷம் 'சிறுசேமிப்பு', ஒரு வருஷம் 'ஒழுக்கம்'. 'தாயினும் சிறந்தது எது என்று கேட்பீர்களாயின், நான் தயங்காமல் சொல்வேன்' என்று நிறுத்தி, அந்த வருஷத்துச் சரக்கை வெற்றிடத்தில் இறக்க வேண்டும். எனக்கு வாய்த்த வருஷத்தில் தலைப்பு 'உழவும் மாணவனும்'. இந்த வருஷத்துக்கென்று கூடுதலாக ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்: "ஏர் என் தோளில், எதிர்காலம் என் கையில்!"

எனக்குத் தொண்டை மட்டும் இருந்தது. ஜங்ஷனில் வளர்ந்ததால் வந்த தொண்டை. ஓடுகிற வண்டியில் இருப்பவன் காதில் விழும்படி காபி, வடை என்று கத்துகிறவர்களைக் கேட்டே வளர்ந்தவன்.

"தம்பி, மூச்ச வயித்துலேர்ந்து எடு," என்பார் தமிழய்யா. "பொருளப் பத்திக் கவலப்படாத. பொருளு என்னுது. சத்தம் மட்டும் உன்னுது."

இரண்டு பேரை அனுப்பலாம் என்பது விதி. இரண்டாவது ஆளாக, வகுப்பில் முதல் மார்க் எடுக்கிறவன் என்ற காரணத்துக்காக, காணைப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு விவசாயி மகனைச் சேர்த்தார்கள். காணைக்காரன் என்றே அவனைக் கூப்பிடுவோம். கணக்கில் அவன் நூறு எடுப்பான். நான் முப்பத்தொன்று எடுப்பேன், அதிலும் ஏழெட்டு அவனைப் பார்த்து எடுத்தது. நோட்டு ஒன்றுதான் என்பதால் அவனுக்குப் பேச்சு கிடைக்கவில்லை. "நீ சொந்தமா எதுனா பேசு," என்று சொல்லிவிட்டார் தமிழய்யா, நொண்டிப் பிள்ளைக்குப் பந்தயத்தில் இடம் கொடுக்கிற பெருந்தன்மையோடு.

காலை பாசஞ்சரில் போனோம். வண்டி மயிலம் தாண்டும்போது ஜன்னல் வழியாக யாரோ உழுதுகொண்டிருந்தது தெரிந்தது. காணைக்காரன் என் பக்கம் திரும்பினான்.

"டேய், நீ ஏர் புடிச்சிருக்கியா?"

"இல்ல."

"கிட்ட போய்ப் பாத்திருக்கியா?"

"இதோ, இப்ப பாத்துக்கினுதான இருக்கேன்."

"அது ஏர் இல்லடா. பரம்படிக்கிறாங்க, பலகையால சேத்த மட்டமாக்குறது," என்று சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக் கொட்டகையில் போட்டி. மேடையில் நடுவர்கள் மூன்று பேர், நடுவில் கல்வி அதிகாரி ஒருவர். காணைக்காரனை முதலில் கூப்பிட்டார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். "எங்கப்பா ஏத்தம் இறைக்கிறாரு. பக்கத்து ஊர்ல கரண்டு மோட்டார் போட்டிருக்காங்க. எங்கப்பா நாலு நாள் இறைக்கிற தண்ணிய அது ஒரு காலைல இறைச்சுடுது. அது எப்டின்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் படிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தலைப்பை விட்டு விலகிவிட்டான் என்று ஒரு நடுவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அடுத்து நான். வெற்றிடங்களில் எல்லாம் உழவை இறக்கினேன். 'ஏர் என் தோளில்' வந்தபோது வலது தோளைத் தட்டினேன், அந்தத் தோளில் அதுவரை புத்தகப் பையைத் தவிர எதுவும் ஏறியதில்லை. கொட்டகை அதிர்ந்தது. நிலத்தையே பார்க்காதவன் நிலத்தைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அதற்குப் பிறகு நிறைய மேடைகளில் மற்றவர்கள் செய்யவும் கண்டிருக்கிறேன்.

பரிசு ஒரு பித்தளைக் கோப்பை. திரும்பி வரும்போதே அதன் ஒரு பக்கத்துக் காது கழன்று விழுந்துவிட்டது. பெட்டியில் எல்லோருமாகக் குனிந்து தேடினோம். கண்டுபிடித்துக் கொடுத்தவன் காணைக்காரன்.

கல்வி அதிகாரி மேடையில் சொன்ன ஒரு வார்த்தைதான் வினையாகிப் போனது. இப்படிப்பட்ட மாணவனை உருவாக்கிய பள்ளியில் வேளாண்மைப் பிரிவு இல்லாமல் இருக்கலாமா என்று கேட்டுவிட்டார். எங்கள் ஹெட்மாஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டு அப்போது ஜில்லாத் தலைநகராக இருந்த கடலூருக்கும் சென்னைக்கும் எழுதித் தள்ளினார். அடுத்த ஜூனில் பிரிவு வந்துவிட்டது. ஆசிரியர் வருவதற்கு முன், பாடப் புத்தகம் வருவதற்கு முன், நிலம் எங்கே என்று தீர்மானிப்பதற்கு முன், இருபது மம்மட்டி வந்தது. ஹெட்மாஸ்டர் அறையில் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள். மம்மட்டி இருபது என்பதால் மாணவர்களும் இருபது என்று முடிவானது. எங்கள் வருங்காலத்தைத் தீர்மானித்தது அந்த எண்ணிக்கைதான்.

ஆள் எடுக்கிற நாளில் ஹெட்மாஸ்டர் வகுப்புக்கே வந்தார். நாங்கள் எழுதிக் கொடுத்த தாள்கள் கட்டாகப் பியூன் கையில் இருந்தன. கட்டு அவிழவே இல்லை. ஒவ்வொருத்தனையும் எழுப்பி ஒரே கேள்வி: "அப்பா என்ன பண்றார்?" அப்பன் தொழில் பிள்ளைக்கு என்று அந்தக் காலத்தில் மேடையில் யாராவது சொல்லியிருந்தால் கல் விழும். இவர் மேடையில் சொல்லவில்லை, வகுப்பறையில் செய்தார். அதனால் கல் விழவில்லை.

"ஜவுளிக்கடை சார்."

"செக்ரடேரியல். டைப் கத்துக்கோ. அடுத்து?"

என் முறை வந்தது. "ரயில்வே சார்," என்றேன்.

"ரயில்வேயா? காம்போசிட் கணக்கு. என்ஜினீயரிங் போலாம்," என்று எழுதிவிட்டார். காலேஜுக்குப் போகிறவர்கள் எடுக்கிற உயர் கணக்குப் பிரிவு அது. என் முப்பத்தொன்றை அவர் பார்க்கவில்லை. உழவுக்குக் கோப்பை வாங்கியவன் நான்தான் என்பதையும் கவனிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. என் தோளில் இருந்த ஏர் அந்த நிமிஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அடுத்து?"

"வெவசாயம் சார்," என்றான் காணைக்காரன்.

"எத்தன காணி?"

"மூணு காணி சார். ஆனா எனக்குக் காம்போசிட் கணக்குதான் சார் வேணும்."

"மூணு காணி வெச்சுக்கினு உனக்கு என்னத்துக்குடா கணக்கு? வேளாண்மை."

அன்றைக்கே இருபது பேரும் சிக்கினார்கள். முகையூர்ப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் அதில் மொத்தமாக விழுந்தார்கள். இருபதாவது ஆள் காணைக்காரன். வெள்ளிக்கிழமை பட்டியல் கடலூர் போய்விடும், போன பிறகு மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை இடைவேளையில் குழாயடியில் காணைக்காரன் என் சட்டையைப் பிடித்தான்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"நான் இன்னா பண்ணேன்?"

"ஏர் என் தோளிலன்னு கத்தின இல்ல? அந்த ஏரத் தூக்கியாந்து என் தோள்ல வெச்சுட்டாங்க. நீ ஜல்தியா நழுவிட்ட."

"நான் ஒண்ணும் நழுவல. அவரே எழுதினாரு."

"எங்கப்பா இன்னா சொல்றாரு தெரியுமா? ஏர் ஓட்டக் கத்துக்கவா விழுப்புரம் வரைக்கும் சைக்கிள் மிதிக்கிற? ஏரு இங்க இருக்குது, மாடு இங்க இருக்குது, வாத்தியாரு நான் இருக்கேன். திங்கக்கிழமையிலேர்ந்து நின்னுடுன்றாரு." அவன் என் சட்டையை விட்டுவிட்டான். "அவரு சொல்றதும் சரிதான? நான் இன்னா பதில் சொல்றது?"

அந்த அப்பாவின் வாதத்துக்கு இன்றுவரை கல்வி இலாகாவிடமே பதில் இல்லை.

"நீயே ஹெட்மாஸ்டராண்ட போய்ச் சொல்லேன்," என்றேன்.

"ரெண்டு வாட்டி போய்ட்டேன். மம்மட்டியக் காமிச்சு, இது யாருக்குடான்னு கேக்கிறாரு. நீ கப்பு வாங்கிக் குடுத்தவன். நீ சொன்னா கேப்பாரு. நல்லாத்தான் பேசுற இல்ல, போய்ப் பேசு."

மறுக்க முடியவில்லை. நல்லாப் பேசுறவன் என்று ஒருத்தன் சொன்னால், அதற்காகக் கிணற்றில் குதிக்கவும் அந்த வயதில் தயாராக இருந்தேன்.

வியாழக்கிழமை பூராவும் திட்டம் போட்டேன். நேராகப் போய்ச் சொன்னால் ஹெட்மாஸ்டர் விரட்டிவிடுவார். அவருக்குப் பிடித்தது அந்தப் பேச்சு. ஆகவே பேச்சில் ஆரம்பித்து, அவர் மனசு இளகியதும், முதல் வெற்றிடம் வருகிற இடத்தில் உழவை இறக்காமல் காணைக்காரனை இறக்கிவிட வேண்டும். 'தாயினும் சிறந்தது எது? ஒரு மாணவன் தான் விரும்பியதைப் படிப்பது!' என்று போட்டு, அப்படியே விஷயத்துக்கு வந்துவிடலாம். எவ்வளவு சாமர்த்தியம்! இதைக் காணைக்காரனிடம் சொன்னபோது அவன், "சொம்மா நேரா சொல்லக் கூடாதா?" என்றான். "உனக்குப் பேச்சுக் கலை தெரியாது," என்று அடக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன் போனேன். காணைக்காரன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டான். ஹெட்மாஸ்டர் பட்டியலைத் தானே அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ஒற்றைக் காதுக் கோப்பை மேஜையில் பேனாக்களைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"என்னடா?"

கை தானாக மார்புக்குப் போனது. மூச்சு வயிற்றிலிருந்து வந்தது.

"அவையோர்களே!" என்றேன்.

அறையில் அவரும் நானும் மம்மட்டிகளும்தான் இருந்தோம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் போய்க்கொண்டே இருந்தேன். முதல் வெற்றிடம் வந்தது. 'நான் தயங்காமல் சொல்வேன்' என்று நிறுத்தி, காணைக்காரனை இறக்க வாயைத் திறந்தேன். "உழவு!" என்றது வாய். சரி, அடுத்த வெற்றிடத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அங்கேயும் உழவு. நடுவில் எந்த ஸ்டேஷனிலும் நிற்காத மெயில் வண்டியில் தெரியாமல் ஏறிவிட்டவன் மாதிரி, நான் இறங்க வேண்டிய ஊர்கள் எல்லாம் ஜன்னலில் பறந்து போவதைப் பார்த்துக்கொண்டே, சென்னை வரைக்கும் கத்திக்கொண்டு போனேன். பியூன் எட்டிப் பார்த்தான். ஆபீஸ் கிளார்க் வந்து நின்றார். "ஏர் என் தோளில்" வந்தபோது ஒரு மம்மட்டியையே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

முடித்தபோது ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு இத்தன ஆசையாடா இதுமேல? அன்னிக்கே சொல்றதுக்கு என்ன? நான் ரயில்வேன்னு போட்டுட்டேனே."

"சார், அது இல்ல சார். அந்தக் காணைப் பையன்..."

"ஆமாம், அவன் ஒரு பேஜாரு. காம்போசிட் கணக்கு, காம்போசிட் கணக்குன்னு உயிர எடுக்கிறான். ஆசையில்லாதவன் கையில எதுக்கு மம்மட்டி?" பட்டியலில் இருபதாவது பெயரை அடித்தார். மேலே என் பெயரை எழுதினார். மையை ஒற்றினார். "அவன் போவட்டும் கணக்குக்கு. மம்மட்டிய இறக்கி வெச்சுட்டுப் போடா, திங்கக்கிழம எடுத்துக்கலாம்."

"சார்..."

"நன்றியெல்லாம் வேணாம்."

வெளியே வந்தேன். காணைக்காரன் கதவோரத்தில் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மணி அடித்தது. ஓடிவிட்டேன்.

அப்பாவிடம் டிக்கட் ஜன்னலில் போய்ச் சொன்னேன். வீட்டில் சொன்னால் அடி விழும், ஜன்னல் வழியாகக் கை அவ்வளவாக எட்டாது என்ற கணக்கு. கணக்கில் நான் சரியாகப் போட்டது அது ஒன்றுதான்.

"நைனா, என்ன வெவசாயத்துல போட்டுட்டாங்க."

அவர் சில்லறையை எண்ணுவதை நிறுத்தினார். "யார் போட்டது?"

"நானே பேசிட்டேன் நைனா."

எனக்குப் பின்னால் நின்ற கிழவர், "தம்பி, மொதல்ல டிக்கட்ட வாங்கிக்கினு ஓரமா நின்னு பேசுங்க, வண்டி வந்துடும்," என்றார். அப்பா அடுத்த நாள் பள்ளிக்குப் போய் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் கையில் அந்தக் கோப்பை இருந்தது. பையனின் தியாகத்துக்கு மதிப்பாக வீட்டில் வைத்துக்கொள்ளும்படி கொடுத்துவிட்டாராம். என்ஜினீயரைக் கொடுத்துவிட்டுப் பித்தளை வாங்கி வந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

வேளாண்மைப் பிரிவில் என்னைத் தவிரப் பத்தொன்பது பேரும் பிறந்ததிலிருந்து செய்ததையே புத்தகத்தில் படித்தார்கள். ஆசிரியர் 'நிலக்கடலை ஒரு பயறுவகைத் தாவரம்' என்று சொல்ல, மல்லாட்டையைத் தின்றே வளர்ந்தவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் எல்லாம் புதுசு. பூ விட்டதைப் பார்த்து, காய் எந்தக் கிளையில் வரும் என்று பத்து நாள் கிளை கிளையாகத் தேடினேன். மண்ணுக்குள் வரும் என்று சொன்னபோது நம்பவில்லை. நம்பிய பிறகு, வந்துவிட்டதா என்று தினமும் இரண்டு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். என் பாத்தி மட்டும் மொட்டையாக இருந்ததைப் பார்த்த முகையூர்ப் பையன், "பேச்சாளரே, செடியாண்ட கொஞ்சம் பேசிப் பாருங்களேன், காய்க்கும்," என்றான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போட்டிக்கு வந்த பள்ளிகளிலேயே உழவைப் பற்றி நன்றாகப் பேசியவன், வகுப்பில் உழவில் கடைசி.

காணைக்காரன் பின்னால் என்ஜினீயரிங் காலேஜ் போனான். மின்சார இலாகாவில் சேர்ந்து, திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் பக்கமெல்லாம் கம்பி இழுக்கிற வேலையில் இருந்தான் என்று அறுபதுகளின் கடைசியில் கேள்விப்பட்டேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் தாண்டி, திண்டிவனத்தில் ஒரு விவசாய ஆபீசில் குமாஸ்தா ஆனேன். எந்த விதையை எந்த மாதம் போட வேண்டும் என்று விவசாயிகளுக்கு ஆபீஸ் சொல்வதைச் சுற்றறிக்கையாக நகல் எடுப்பது என் வேலை. படித்த பிறகு அவர்கள் அதில் மல்லாட்டை மடித்து எடுத்துப் போவார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த நான்காம் பாரத்துக் காலாண்டுத் தேர்வு முடிந்த ஒரு மத்தியானம், என் மொட்டைப் பாத்தியில் மம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். காணைக்காரன் கணக்குப் பேப்பரோடு வரப்பில் ஓடி வந்தான். நூற்றுக்கு நூறு. மூச்சு வாங்க நின்றான்.

"எங்கப்பாவுக்குக் காட்டப் போறேன். அதுக்கு மொதல்ல உனுக்குக் காட்லாம்னு வந்தேன்."

"நல்லாருக்குடா," என்றேன்.

போகத் திரும்பியவன் நின்றான். அவன் கணக்குப் போடுகிறவன் அல்லவா, எங்கேயோ ஒரு வரி உதைத்திருக்க வேண்டும்.

"டேய், ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு நீ மொதல்ல வேற மாதிரி பேசறதாத்தான சொன்ன. அப்புறம் உள்ள போய் அப்டியே உழவு உழவுன்னு பேசிட்டு வந்துட்ட. எனுக்காகத்தான, வேணும்னேதான?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. வாய் தப்பிப் போச்சுடா என்று ஒரு வரி. சொன்னால் அவன் சிரித்திருப்பான், நானும் சிரித்திருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும். ஆனால் வரப்பில் முகையூர்ப் பையன்கள் நாலு பேரும் மம்மட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதமாக என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள். அன்றைக்கு முதல்தடவையாகச் சிரிக்காமல் பார்த்தார்கள்.

தியாகம் செய்தவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வயிற்றுவலிக்காரன் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"பின்ன?" என்றேன்.